புதுப்பிப்பு: ஒரே நாளில் சார்ல்ஸ்டன், சக்கர நாற்காலியுடன்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சம்டர் கோட்டையையும் அருங்காட்சியகங்களையும் அம்மாவுடன் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பெரும்பாலும் முடிந்தது. கோட்டைக்குப் படகில்தான் போக வேண்டும் என்பதால், லிபர்ட்டி சதுக்கத்திலிருந்து காலையின் முதல் படகைப் பிடிக்கச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் தொடங்கிய அக்கோட்டையின் செங்கல் சுவரில் பீரங்கிக் குண்டுகள் இன்றும் புதைந்திருப்பதை அருகில் நின்று பார்த்தோம். திரும்பி இறங்கியதும், அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கரையிறக்கப்பட்ட கேட்ஸ்டன் துறை இருந்த இடத்தில் 2023இல் திறக்கப்பட்ட சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருந்தது. நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். எதிர்பாராத தொல்லை, பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம் இருக்கும் சால்மர்ஸ் தெருதான்: உருண்டைக் கற்கள் பாவிய அதன் நடுவில் சக்கர நாற்காலி நகரவே மறுத்தது. 1773இல் நிறுவப்பட்ட சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்துக்கு நேரம் போதவில்லை.