அப்பா சேர்ந்திருக்கும் முதலீட்டுக் குழு உண்மையா? நிறுவனத்தின் பெயர் சரியாகத்தான் இருக்கிறது

செபராங் ஜெயா மகள் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் அவசரமாகக் கேட்கிறேன். அப்பாவுக்கு 61 வயது, பிறையில் ஒரு ஃபேக்டரியில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வங்கியில் வைத்திருக்கிறார். போன மாதம் முகநூலில் ஒரு விளம்பர வீடியோவைப் பார்த்து, அதிலிருந்த இணைப்பை அழுத்தி, ஒரு புலன (வாட்ஸ்அப்) குழுவில் சேர்ந்துவிட்டார். குழுவின் பெயர் நம் நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பெயர். லோகோவும் அதேதான். அதில் ஒரு "பேராசிரியர்" தினமும் காலையில் எந்தப் பங்கை வாங்க வேண்டும் என்று சொல்கிறார். அவருடைய உதவியாளர் என்று ஒரு பெண் அப்பாவிடம் தனியாகப் பேசுகிறாள், சாப்பிட்டீர்களா, கால் வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்கிறாள்.

முதலில் 3,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டார். மூன்றே நாளில் 240 வெள்ளி லாபம் என்று உண்மையாகவே அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது, நானே பார்த்தேன். இப்போது வெள்ளிக்கிழமைக்குள் 40,000 போட்டால் "விஐபி" ஒதுக்கீடு கிடைக்கும் என்கிறார்கள். நான் சந்தேகப்பட்டுக் கேட்டதற்கு, செக்யூரிட்டிஸ் கமிஷன் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரைக் காட்டி, இங்கே பார், அரசாங்க உரிமம் இருக்கிறது என்கிறார் அப்பா. கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் சான்றிதழையும் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எதைக் காட்டி அவருக்குப் புரிய வைப்பது என்று தெரியவில்லை.

மோட்டார் மணி பதில்:

போலிஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். புகார் எதுவும் இல்லையென்று வந்தால் பயப்பட வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வங்கிக்காரன் பதில்:

மணி, தப்பாக நினைக்க வேண்டாம், ஆனால் இந்த இடத்தில் உங்களை மறுத்துத்தான் ஆக வேண்டும். செமாக் மியூலில் பார்ப்பது அவசியம்தான். வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண், நிறுவனப் பெயர் மூன்றையும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே தெரிவது ஏற்கெனவே யாராவது போலிஸில் புகார் கொடுத்த கணக்கு மட்டும்தான். இந்தக் கும்பல்கள் கெல்டாய் கணக்குகளை, அதாவது மோசடிப் பணம் வாங்கப் பிறர் பெயரில் வைத்திருக்கும் கணக்குகளை, அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும். புதுக் கணக்காக இருந்தால் புகார் எண்ணிக்கை பூஜ்யம் என்றுதான் வரும். புகார் இருந்தால் நிச்சயம் ஆபத்து, இல்லையென்றால் எதுவும் நிரூபணமாகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, நான் வங்கிக் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் பல வருடமாக உட்கார்ந்திருப்பவன். உங்கள் அப்பா கதையைப் போல எத்தனையோ கேட்டுவிட்டேன், அதனால் நேராகச் சொல்கிறேன். அந்த நிறுவனம் உண்மை. அந்த உரிமமும் உண்மை. உங்கள் அப்பாவிடம் பேசுகிற ஆள்தான் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் இல்லை. முன்பெல்லாம் இல்லாத கம்பெனியை இருப்பதாகக் காட்டி ஏமாற்றினார்கள், அதைப் பட்டியலில் தேடினாலே மாட்டிக்கொண்டார்கள். இப்போது பட்டியலில் இருக்கிற பெயரையே திருடி மாட்டிக்கொள்கிறார்கள், குளோன் என்று சொல்வது இதைத்தான். அப்பா பட்டியலைப் பார்த்தது நல்ல காரியம், அதற்காக அவரைக் குறை சொல்லாதீர்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், பேசுகிற ஆள் அங்கே வேலை செய்கிறாரா என்றும் கேட்க வேண்டும். அதை அவர்கள் கொடுத்த எண்ணில் கேட்டுப் பயனில்லை. நிறுவனத்தின் சொந்த இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, அதில் இருக்கும் அலுவலகத் தரைவழி எண்ணுக்கு அப்பாவையே கூப்பிடச் சொல்லுங்கள். செக்யூரிட்டிஸ் கமிஷன் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறது, உரிமம் பெற்றவர்களின் பெயரைத் திருடியவர்களையும் அதில் சேர்க்கிறார்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் தனியாக ஒரு பட்டியல் உண்டு. இரண்டையும் பாருங்கள், ஆனால் நேற்று முளைத்த குழு இன்றைக்குள் அந்தப் பட்டியல்களில் ஏறியிருக்காது.

அப்புறம் எஸ்எஸ்எம் சான்றிதழ். அது கம்பெனி பதிவு, அவ்வளவுதான். முடிதிருத்தும் கடைக்கும் அது இருக்கும். மக்களிடம் முதலீட்டுப் பணம் வாங்க அது அனுமதி ஆகாது.

ஒன்று கேட்கிறேன், அந்த 3,000 வெள்ளியை அப்பா யாருடைய கணக்குக்கு அனுப்பினார்? வங்கி ஆப்பில் அனுப்பும்போது பெறுபவரின் பெயர் வந்து நின்றிருக்குமே, அந்த ரசீதைத் தேடி எடுங்கள். உரிமம் பெற்ற நிறுவனம் தனி ஆளின் கணக்குக்கோ சம்பந்தமில்லாத ஏதோ ஒரு எண்டர்பிரைஸ் கணக்குக்கோ பணம் அனுப்பச் சொல்லாது. பூர்சா பங்குச் சந்தையில் பங்கு வாங்கியதாகச் சொல்கிறார்களென்றால், பொதுவாக அப்பா பெயரில் சிடிஎஸ் கணக்கு, அதாவது வாங்கிய பங்குகள் பதிவாகும் கணக்கு, இருக்க வேண்டும். அது எங்கே என்று கேளுங்கள். அவர்களுடைய ஆப்பில் பச்சையாக ஏறிக்கொண்டே போகிற எண்ணை அவர்களே தட்டச்சு செய்யலாம்.

அந்த 240 வெள்ளி பற்றி. 3,000க்கு 240 என்றால் மூன்று நாளில் 8 விழுக்காடு. சேமநிதி வாரியம் 2024 முழுவதற்கும் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அப்பாவுக்கு அந்த எண் நன்றாகத் தெரிந்திருக்கும், பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அந்த 240 தூண்டில் புழு. அவருடைய பணத்திலிருந்தோ, அவரைப் போல இன்னொருவர் போட்ட பணத்திலிருந்தோ கிள்ளிக் கொடுத்தது.

சுங்கை பூலோ அக்கா பதில்:

இதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. நான் 27,500 வெள்ளி இழந்தேன்.

என்னுடைய குழுவில் 96 பேர். காலையில் ஒருவர் வணக்கம் சொல்வார், இன்னொருவர் லாபத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன் என்று ரசீதைப் போடுவார், மற்றவர்கள் கைத்தட்டல் படம் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நிஜமான ஆட்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேள்வி கேட்டால் உதவியாளர் கோபப்பட மாட்டாள், தனியாக வந்து குழந்தைக்குச் சொல்வது போல விளக்குவாள். எனக்கு அப்போது வீட்டில் பேச ஆள் இல்லை. அந்த அன்புக்காகவே இரண்டாவது தடவை பணம் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

எடுக்கப் போனபோதுதான் வெளிச்சமானது. லாபத்தில் 15 விழுக்காடு வரி கட்டினால்தான் பணம் வெளியே வரும் என்றார்கள். தங்கையிடம் கடன் வாங்கி அதையும் கட்டினேன். அடுத்து கணக்கைத் திறக்கக் கட்டணம், அடுத்து பணச் சலவை விசாரணைக்கு முன்பணம். தங்கச்சி, இதை அப்பாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வரி என்றால் அது வருமான வரி வாரியத்தோடு நாம் தீர்த்துக்கொள்வது. நம்முடைய பணத்தை நமக்குத் தருவதற்கு முன்னால் புலனத்தில் ஒருத்தி வசூலிப்பது வரி இல்லை.

கடைசியில் அந்த நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகத்துக்கே ரயிலேறிப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், நான் பேராசிரியர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். தங்கள் பெயரில் நடக்கும் மோசடி பற்றிய எச்சரிக்கை, கத்தையாக அச்சடித்து வைத்திருந்தாள். எனக்கு முன்னால் எத்தனை பேர் அங்கே போய் நின்றிருந்தால் அவ்வளவு அச்சடித்திருப்பார்கள்!

இன்னொன்று. பணம் போய் சில வாரம் கழித்து, வக்கீல் என்று ஒருவர் செய்தி அனுப்பினார், 2,000 வெள்ளி கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று. என்னுடைய தொகை அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அதே கும்பல்தான். நல்லவேளை, அப்போது என்னிடம் கொடுக்கப் பணம் இல்லை.

எனக்கு இன்னும் ஆறாதது பணம் போனது இல்லை. என் பேச்சை நம்பி பக்கத்து வீட்டு அம்மாவும் 4,000 போட்டார். அவரிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் பத்து நாள் தள்ளிப் போட்டேன், அந்தப் பத்து நாளில் அவர் இன்னும் 3,000 போட்டுவிட்டார்.

செபராங் ஜெயா மகள் எழுதியது:

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. அப்பாவுக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டப் போகிறேன்.

வங்கிக்கார அண்ணே, ரசீதைப் பார்த்தேன். பெறுபவர் பெயர் ஒரு தனி ஆள். அப்பா அதைக் கேட்டிருக்கிறார், கம்பெனி ஏஜெண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். முகநூல் பக்கத்தின் விவரங்களையும் திறந்து பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன்புவரை அது சோபா விற்கும் பக்கமாக இருந்திருக்கிறது, அதற்குப் பிறகு இரண்டு தடவை பெயர் மாறியிருக்கிறது. நிர்வகிப்பவர்களில் ஒருவர்கூட மலேசியாவில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வங்கிக்காரன் பதில்:

அப்படியென்றால் தாமதிக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள், உரையாடல், எண்கள், ரசீது, அந்த ஆப் எல்லாம். குழுவில் சண்டை போட வேண்டாம், வெளியேற்றிவிட்டால் ஆதாரம் போய்விடக்கூடும். 997க்குக் கூப்பிடுங்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது, போலிஸ், பேங்க் நெகாரா உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து இயங்கும் மையம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் சொன்னால்தான் பிடித்து நிறுத்த வழி உண்டு. உங்கள் 3,000 போய் நாளாகிவிட்டது, திரும்ப வரும் என்று ஆசை காட்ட எனக்கு மனமில்லை. ஆனாலும் போலிஸ் புகார் கொடுங்கள், அந்தக் கணக்கு எண் செமாக் மியூலில் ஏறினால் அடுத்து பார்க்கிறவருக்காவது தெரியும். அவர்கள் இணைப்பு அனுப்பி அப்பாவின் ஃபோனில் ஆப் எதையாவது போடச் சொன்னார்களா? போட்டிருந்தால், வங்கி ஆப்பை அந்த ஃபோனில் திறக்காமல், வேறொரு ஃபோனிலிருந்து வங்கிக்குக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.

மோட்டார் மணி பதில்:

நான் மேலே எழுதியது தவறு, இப்போது புரிகிறது. அழிக்கவில்லை, கீழே இருக்கும் பதில்களோடு சேர்த்துப் படிக்கட்டும். என் மாமாவும் இதே மாதிரி ஒரு குழுவில் இருக்கிறார், அவருடைய விளம்பரத்தில் பிரதமரே பேசுகிறார். அதுவும் போலியா?

பிரிக்பீல்ட்ஸ் வங்கிக்காரன் பதில்:

போலிதான். பிரதமரின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் செய்து பல வீடியோக்கள் வந்துவிட்டன. உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள், நாளுக்கு நாள் நேர்த்தியாகி வருகிறது. எந்தப் பிரதமரும் முகநூலில் வந்து தனி ஒரு முதலீட்டுக்கு ஆள் சேர்க்க மாட்டார். இன்றைக்கே மாமாவிடம் பேசுங்கள்.

செபராங் ஜெயா மகள் எழுதியது:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் தளத்தில் இருந்த எண்ணுக்கு அப்பாவே கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டோம். அந்தப் பெயரில் பேராசிரியரும் இல்லை, உதவியாளரும் இல்லை, நாங்கள் புலனத்தில் குழு நடத்துவதே இல்லை என்றார்கள். அப்பா "தேங்க் யூ" என்று சொல்லி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நான் சுங்கை பூலோ அக்கா எழுதியதை வாசித்தேன். பக்கத்து வீட்டு அம்மா வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

கோயிலில் பழக்கமான ஒரு நண்பரை அப்பாவும் சேர்த்துவிட்டிருக்கிறாராம், எங்களிடம் சொல்லவே இல்லை. அவர் 5,000 போட்டிருக்கிறார். ஃபோனில் சொல்லிவிடுங்கள் அப்பா, மழை பெய்கிறது என்றேன். "நான் சேர்த்துவிட்டவன், நேரில் போய்ச் சொல்லணும்" என்று மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு நேராக போலிஸ் நிலையம் போகிறாராம், நான் ரசீதுகளோடு அங்கே வந்துவிட வேண்டுமாம். எல்லாவற்றையும் அச்சடித்துக்கொண்டிருக்கிறேன்.