வான்கோழியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமா, உப்பைத் தடவி வைத்தாலே போதுமா?

அடுப்பங்கரை:
வணக்கம். 6 கிலோ வான்கோழி ஒன்று ஃப்ரீசரில் கல்லாக உறைந்து கிடக்கிறது. ஓவனா, புகையிலேயே மெதுவாக வேகவைக்கிற ஸ்மோக்கரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எதில் வைத்தாலும் தொடை வேகிற நேரத்துக்குள் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடுகிறது, அதுதான் பிரச்சினை. முன்கூட்டியே ஊறவைத்தால் சரியாகும் என்கிறார்கள். ஆனால் ஒருவர் வாளி நிறைய உப்புத் தண்ணீரில் முக்கு என்கிறார், இன்னொருவர் தண்ணீரே வேண்டாம், உப்பைத் தடவி ஃப்ரிட்ஜில் வை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? உப்பு எவ்வளவு, எவ்வளவு நேரம்? கிராம்பு, மிளகு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்தால் அந்த வாசனை கறிக்குள் இறங்குமா?

கல்லுப்பு:
வேலை செய்வது உப்புதான், தண்ணீர் இல்லை. சதை நாரில் இருக்கிற புரதத்தை உப்பு கொஞ்சம் இளக்கிவிடுகிறது, அதனால் சூடு ஏறும்போது நார் இறுகிச் சாற்றைப் பிழிந்து தள்ளுவது குறைகிறது. இதற்கு வாளி தேவையில்லை. கறி கிலோவுக்கு 10 கிராம், உங்களுக்கு மொத்தம் 60 கிராம் உப்பு போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே கரண்டியில் தூள் உப்பு ஏறுகிற எடையும் பெரிய பரல் உப்பு ஏறுகிற எடையும் ஒன்றில்லை, சிலசமயம் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும்.

கழுத்துப் பக்கமிருந்து விரலை மெதுவாக நுழைத்து நெஞ்சின் தோலைக் கறியிலிருந்து பிரியுங்கள். நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும், அவசரப்பட்டால் தோல் கிழியும். பெரும்பங்கு உப்பைத் தோலுக்கு அடியில் தடவி, மிச்சத்தைத் தொடையிலும் வயிற்றுக்குள்ளும் போடுங்கள். மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதலில் உப்பு நீரை வெளியே இழுக்கும், மேலெல்லாம் ஈரமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அந்த நீரில் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தோல் காய்ந்து காகிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். மொறுமொறுப்பு வருவது அதனால்தான். இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது.

கிராம்பு, ஆரஞ்சு எல்லாம் சமையலறைக்கு வாசனை. உப்பு போகிற ஆழத்துக்கு அவை போகாது. அந்த மசாலாவை வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் வைத்தால் நாக்குக்காவது தெரியும்.

புகைப்பிரியன்:
கல்லுப்பு சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். ஓவனுக்கு அது சரி. ஸ்மோக்கரில் நாலைந்து மணி நேரம் கிடக்கப்போகிற பறவைக்கு உப்புத் தண்ணீர் தருகிற கூடுதல் ஈரம் ஒரு காப்பு என்பேன். லிட்டருக்கு 60 கிராம் உப்பு, 12 மணி நேரம் முதல் 18 மணி நேரம் வரை, அதைத் தாண்ட வேண்டாம், கறி பதப்படுத்திய இறைச்சி மாதிரி வழவழப்பாகிவிடும். கொதிக்கவைத்திருந்தால் நன்றாக ஆறி, ஃப்ரிட்ஜ் குளிர்ச்சிக்கு வந்த பிறகுதான் பறவையை இறக்க வேண்டும். முழு நேரமும் 4 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, எவர்சில்வர் அல்லது உணவுக்கேற்ற பிளாஸ்டிக் வாளி. சர்க்கரை சேர்த்தால் தோல் சீக்கிரம் கறுக்கும், கொஞ்சமாகப் போடுங்கள். எடுத்ததும் ஈரத்தை ஒற்றித் துடைத்து ஓர் இரவு ஃப்ரிட்ஜில் காயவிட வேண்டும், இல்லையென்றால் தோல் ரப்பர்தான். 110 டிகிரியில் ஊதிக்கொண்டே இருந்தாலும் ரப்பர்தான், 140ஐ ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று. புகை போடுகிறோமே என்று இறைச்சியைப் பதப்படுத்தப் போடுகிற, நைட்ரைட் கலந்த இளஞ்சிவப்பு உப்பை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள், இந்தச் சூட்டில் அதற்குத் தேவையில்லை. இந்துப்பும் அதே நிறம்தான் என்று ஒன்றுக்குப் பதில் ஒன்றை அள்ளிப்போட்டால் ஆபத்து.

கல்லுப்பு:
கூடுதல் ஈரம் என்பது வெறும் தண்ணீர்தானே புகைப்பிரியன், கறியின் ருசியும் சேர்ந்து நீர்த்துப்போகிறது. வடிகிற சாறும் உப்புக் கரித்து கிரேவிக்கு ஆகாமல் போகும். சரி, அவரவர் நாக்கு.

அடுப்பங்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதுதான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ‘8 சதவீதம் வரை தண்ணீர், உப்பு, மசாலாக் கரைசல் கொண்டது’ என்று போட்டிருக்கிறது. இதற்கு மேலும் உப்பு போடலாமா?

தராசுத்தட்டு:
போடாதீர்கள். கம்பெனியே ஊசி போட்டு உப்புத் தண்ணீரை ஏற்றிவிட்டது, நீங்கள் இன்னொரு தடவை ஊறவைத்தால் வாயில் வைக்க முடியாது. மேலே இருக்கிற சண்டையே உங்களுக்கு வேண்டாம். உறைந்த பறவை ஃப்ரிட்ஜிலேயே இளகட்டும், 2 கிலோவுக்கு ஒரு நாள் கணக்கில் 3 நாள் பிடிக்கும். வயிற்றுக்குள் ஈரல், கழுத்து வைத்த சின்னப் பை இருக்கும், அதை எடுத்துவிட்டு, துடைத்து, மூடாமல் ஒரு நாள் காயவிடுங்கள். தடவுகிற வெண்ணெயும் உப்பில்லாததாக இருக்கட்டும்.

நெஞ்சு காய்வதற்கு உப்பை விடப் பெரிய மருந்து வேறு இருக்கிறது, யாருமே அதைச் சொல்லவில்லை. நல்ல கத்தரிக்கோலால் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வெட்டி அதை எடுத்துவிட்டு, திருப்பிப்போட்டு நெஞ்செலும்பு ‘டக்’கென்று முறிகிற வரை உள்ளங்கையால் அழுத்துங்கள். பறவை தட்டையாக விரிந்துவிடும், முழுப் பறவையில் கீழே ஒளிந்துகிடக்கும் தொடை இப்போது நேராகச் சூட்டுக்கு வரும், இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெந்துவிடும். 220 டிகிரி ஓவனில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகிவிடும். ஸ்மோக்கரிலும் நேரம் குறையும். தெர்மாமீட்டரை நெஞ்சின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். அங்கே 74 டிகிரி, தொடையில் 80 வந்தால் எடுத்துவிடலாம். புகையில் வெந்த கறி தோலுக்கு அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், அது புகையின் நிறம்.

வெட்டியெடுத்த முதுகெலும்பைக் கழுத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கிரேவிக்குச் சாறு ஆயிற்று. அதிலும் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், அந்த எலும்பிலும் கம்பெனி உப்பு இருக்கும்.