காட் ஆஃப் வார் ஓடும்போது பிஎஸ்4 பாதியில் அணைகிறது, முதல் பெரிய சண்டையையும் தாண்ட முடியவில்லை: உதவி வேண்டும்

மூடுபனி, தலவாக்கலை

எல்லாருக்கும் வணக்கம். மூன்று கிழமைக்கு முன்னால் ஒரு கடையில் பழைய பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம் வாங்கினேன். கூடவே 2018இல் வந்த காட் ஆஃப் வார் டிஸ்க்கையும் கொடுத்தார்கள். எனக்கும் என் அக்கா மகனுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். மருமகனுக்குப் பதினைந்து வயது. அக்கா குவைத்தில் வேலை செய்கிறார், அதனால் அவன் எங்கள் அம்மாவிடம்தான் வளர்ந்தான். அம்மா மார்ச் மாதம் தவறிவிட்டார். அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டான். ராத்திரியில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஏதாவது விளையாடினால் கொஞ்சம் மனம் மாறும் என்று நினைத்தேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். முக்கால் மணி நேரம் ஓடியதும் உள்ளே விசிறி பயங்கரமாக இரைகிறது. அப்புறம் திடீரென்று அணைந்துவிடுகிறது. திரும்பப் போட்டால் சரியாக அணைக்கவில்லை என்று சொல்லி எதையோ சோதிக்கிறது. இங்கே நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் விளையாடுகிறோம். இந்தக் குளிரில் மெஷின் எப்படிச் சூடாகும்?

கேமிலும் மாட்டிக்கொண்டோம். ஆரம்பத்தில் வீட்டுக் கதவைத் தட்டுகிற அந்நியனைப் பத்து நாளாக ஜெயிக்க முடியவில்லை. இரண்டு மூன்று அடியில் ஆள் காலி. கஷ்டத்தைக் குறைக்கலாம் என்று மெனுவுக்குப் போனால் மாற்ற விடமாட்டேன் என்கிறது. எங்கள் 22 அங்குல டிவியில் எழுத்தும் எறும்பு மாதிரி தெரிகிறது.

இன்னும் பத்து நாளைக்குள் கொண்டுபோனால் வேறு டிஸ்க் மாற்றித் தருவதாகக் கடையில் சொன்னார்கள். அதனால் இந்த கேமில் என்ன நல்லது, என்ன குறை என்று விளையாடியவர்கள் சொல்லுங்கள். இன்னொன்றும் மனதை அரிக்கிறது. தாய்க்குச் சிதை மூட்டுவதில்தான் கதையே தொடங்குகிறது. அதைப் பார்த்ததும் பையன் எழுந்து போய் இஸ்தோப்பில் நின்றுகொண்டான். தெரியாமல் தப்பு செய்துவிட்டேனா என்று இருக்கிறது.

ரிப்பேர் மேசை, நானுஓயா

தம்பி, முதலில் மெஷினைப் பார்ப்போம். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும், காற்று போகிற வழி அடைத்திருந்தால் உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். பிஎஸ்4 எங்கே வைத்திருக்கிறீர்கள்? கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலுமாரிக்குள்ளா? மேலே துணி போர்த்தியிருக்கிறீர்களா? வீட்டில் விறகு அடுப்பு எரிகிறதா? இந்த மூன்றையும்தான் நம் பக்கத்து வீடுகளில் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். விறகுப் புகையில் எண்ணெய்ப் பசை இருக்கும். அது தூசியோடு சேர்ந்து விசிறியிலும் சூடு இறக்குகிற உலோகத் தகடுகளிலும் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். பழைய மெஷின் என்றால் சூட்டைக் கடத்த உள்ளே தடவியிருக்கிற பேஸ்டும் காய்ந்திருக்கலாம்.

அணைவதற்கு முன்னால் திரையில் ‘சூடு அதிகம்’ என்று செய்தி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சூடுதான். செய்தியே இல்லாமல் அணைந்து, அதே நேரம் பல்பும் கண் சிமிட்டினால் கரண்ட் பக்கம் பாருங்கள். அந்த மெஷின் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதனால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியதற்காக அணையாது. ஆனால் ஒரு நொடி கரண்ட் விட்டுப்போனாலும், எக்ஸ்டென்ஷன் வயரில் பிளக் லூசாக இருந்தாலும் அணையும்.

இன்று ராத்திரி அலுமாரியிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். அடியில் இரண்டு மரத்துண்டு கொடுத்துத் தூக்கி, நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு ஓட்டிப் பாருங்கள். அது ஒன்றே பாதி விடை சொல்லிவிடும்.

இத்தனை முறை திடீரென்று அணைந்திருப்பதால் இன்னொரு வேலையும் செய்யுங்கள். முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தியபடியே இருந்தால் ஏழு நொடி அளவில் இரண்டாவது ‘பீப்’ கேட்கும். அப்போது விடுங்கள், சேஃப் மோட் வரும். கொன்ட்ரோலரை வயரில் மாட்டி, ஐந்தாவதாக இருக்கிற ‘ரீபில்ட் டேட்டாபேஸ்’ கொடுங்கள். அதில் கேமோ, ஆடிய இடத்தைப் பதிந்து வைத்திருக்கிற சேவோ அழியாது. ஆறும் ஏழும் எல்லாவற்றையும் துடைத்துவிடும், அந்தப் பக்கம் விரலே போகக்கூடாது. அதற்கு முன்னால் சேவை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்தால் இன்னும் நிம்மதி.

மலைக்காற்று, ஹட்டன்

அண்ணா, அந்நியன் சண்டையில் நீங்கள் தோற்பது உங்கள் கை குற்றமில்லை. தொடங்கும்போது நாலு கஷ்ட நிலைகளில் கடைசியாக இருந்ததை, கேமின் பெயரே போட்டிருக்கிறதே என்று அமுக்கிவிட்டீர்களா? அப்படியென்றால் அதுதான் காரணம். இருப்பதிலேயே கடினமானது அது. மற்ற மூன்றையும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், அதை மட்டும் தொடங்கிய பிறகு மாற்றவே முடியாது. வழி ஒன்றுதான், புது ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிலையை எடுங்கள். இரண்டு மூன்று மணி நேர ஆட்டம்தான் போகும், ஏற்கெனவே வழி தெரியும் என்பதால் சீக்கிரம் வந்துவிடுவீர்கள்.

அந்தச் சண்டைக்கு மட்டும் ஒரு குறிப்பு. எதிரி மேல் மஞ்சள் வளையம் வந்தால் கேடயத்தைச் சும்மா பிடித்திருந்தால் தடுப்பு உடையும், ஆனால் அடி விழுகிற நொடியில் எல்1 அழுத்தினால் தட்டிவிடலாம். சிவப்பு வளையம் என்றால் தடுக்கவே முடியாது, விலகித்தான் ஆகவேண்டும். கோடரியை வைத்துவிட்டு வெறுங்கையால் குத்தினால் எதிரி சீக்கிரம் தடுமாறுவான். எல்3, ஆர்3 (அதாவது இரண்டு குச்சிகளையும் உள்ளே அமுக்குவது) இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஆவேசம் வரும். அதில் அடிக்க அடிக்க உங்கள் உயிரும் ஏறும், அதனால் உயிர் குறையும்போது பயன்படுத்த அதைச் சேமித்து வையுங்கள்.

டிஸ்க்கை மாற்றலாமா என்று கேட்டீர்கள். நான் மாற்றமாட்டேன். அந்தக் கோடரிக்காகவே வைத்துக்கொள்ளலாம். எறிந்துவிட்டு முக்கோணப் பட்டனை அமுக்கினால் அது காற்றில் சுழன்று திரும்பிவந்து கையில் ‘டப்’ என்று உட்காரும், கொன்ட்ரோலரும் அதிரும். இருபது மணி நேரம் ஆடியும் எனக்கு அது சலிக்கவில்லை. கேமரா முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாகப் போகும், எங்கேயும் வெட்டு இருக்காது. கதையில் வருகிற தகப்பனுக்கும் மகனுக்கும் பின்னாலேயே நாமும் நடந்துபோகிற உணர்வு வரும். கொஞ்ச தூரம் போனதும் பெரிய ஏரி ஒன்று வரும். அதில் படகு விடும்போது தகப்பன் கதை சொல்வார். பாதிக் கதையில் கரை இறங்கினால் நிறுத்திக்கொள்வார், திரும்பப் படகில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அந்தச் சின்ன விஷயத்தில் எவ்வளவு அக்கறை பாருங்கள்! நான் கதை கேட்பதற்காகவே கரை இறங்காமல் சுற்றியிருக்கிறேன்.

குறை இல்லாமலில்லை. முதலில் ஒரு பூதத்தை அடித்தீர்களே, அதே பூதம் நிறமும் பெயரும் மாறி மறுபடி மறுபடி வரும். கொல்கிற காட்சியும் அதே மாதிரிதான். பெரிய, மறக்கமுடியாத எதிரிகள் கைவிரலில் எண்ணுகிற அளவுதான். இதே வரிசையில் முன்னால் வந்த கிரேக்கக் கதை கேம்களை ஆடியவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். கவசம் மாற்றுகிற மெனுவிலும் பலம், காப்பு, அதிர்ஷ்டம் என்று ஆறு கணக்கு இருக்கும். அதில் தலையைக் கொடுக்காதீர்கள், மேலே காட்டுகிற மொத்த நிலை எண் ஏறினால் போதும்.

நல்லதண்ணி வழி, மஸ்கெலியா

பூதத்தை விட எனக்குக் கேமராதான் தொல்லை. ஆளின் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்பதால் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான். உடம்பைச் சுற்றித் தெரிகிற அம்புக்குறியைப் பார்த்துப் பழகவேண்டும், மகன் கத்துவதையும் காது கொடுத்துக் கேட்கவேண்டும். சதுரப் பட்டனை அடிக்கடி அமுக்குங்கள், பையன் அம்பு விடுவான். நிறையப் பேர் அதை மறந்துவிட்டுத் தனியாகச் சண்டை போட்டுச் சாகிறார்கள்.

எதிரியின் உயிர்க்கோடு ஊதா நிறமாக இருந்தால் உங்களை விட ரொம்ப மேலே இருக்கிறான் என்று அர்த்தம். வீரம் காட்டாமல் திரும்பிப் போய்விட்டு அப்புறம் வாருங்கள். வேகப் பயணக் கதவுகளும் பின்பாதியில்தான் முழுதாகத் திறக்கும். அதுவரை ஒரே வழியில் போக வரப் பொறுமை வேண்டும்.

எழுத்துக்கு இரண்டு வழி. கேம் வந்த கொஞ்ச நாளில் எழுத்தைப் பெரிதாக்குகிற வசதி அப்டேட்டில் கொடுத்தார்கள். அது நெட்டில்தான் இறங்கும், டிஸ்க்கில் வராது. டேட்டா இல்லையென்றால் பிஎஸ்4 செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டிக்குள் ‘ஸூம்’ போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பிஎஸ் பட்டனையும் சதுரப் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் திரை பெரிதாகும். சண்டை நேரத்தில் உதவாது, மெனு படிக்கப் போதும்.

ஊதாப்பூ, பண்டாரவளை

தம்பி, நான் ஒரு ஆசிரியை. என் மகன் இதை ஆடியபோது முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேமைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், வயதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இது அமெரிக்க மதிப்பீட்டில் 17, ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சும்மா போட்ட எண் இல்லை. கையால் பிய்த்துக் கொல்கிற காட்சிகள் இருக்கின்றன. ரத்தம் தெறிப்பதை நிறுத்த வழியும் இல்லை. பதினைந்து வயதுப் பையன் கையில் கொன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டுப் போகிற கேம் இல்லை இது. அவனுக்கென்று ஒன்று வேண்டுமென்றால் அதே பிஎஸ்4இல் 2016இல் வந்த ராட்செட் அண்ட் கிளாங்க் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையும் ஆடலாம்.

ஆனால் நீங்கள் கேட்டது அந்தத் தொடக்கக் காட்சியைப் பற்றி. கதை முழுக்க அந்தத் தாயின் சாம்பலைத் தூக்கிக்கொண்டு மிக உயரமான சிகரத்துக்குப் போவதுதான், அதனால் அது ஒரு காட்சியோடு முடியாது. தகப்பன் ஆரம்பத்தில் மகனைப் பெயர் சொல்லி அதிகம் கூப்பிடமாட்டார், ‘பாய், பாய்’ என்று அதட்டுவார். தாய் போன துக்கத்தை இரண்டு பேரும் வாய்விட்டுப் பேச முடியாமல் திணறுவதைத்தான் நாம் பார்க்கிறோம். அது உங்கள் மருமகனுக்கு ஆறுதலாகவும் இருக்கலாம், புண்ணைக் கிளறுவதாகவும் இருக்கலாம். எங்களில் யாருக்கும் அது தெரியாது. அவனிடமே கேளுங்கள். ‘இதை நிறுத்தட்டுமா, நீ சொல்’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அன்றைக்கே டிஸ்க்கை மாற்றுங்கள்.

மூடுபனி, தலவாக்கலை

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

நானுஓயா அண்ணன் சொன்னது அப்படியே சரி. மெஷின் கண்ணாடி அலுமாரிக்குள்தான் இருந்தது, அதற்கு நேர் எதிரே குசினிக் கதவு. மேசையில் வைத்து ஓட்டியபோது ஒன்றரை மணி நேரம் தாங்கியது. அப்புறம்தான் சூடு என்று செய்தி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். தெரிந்த ஒருவர் திறந்து கொடுத்தார். உள்ளே கறுப்பாக, பசையாக, அடுப்பங்கரைச் சுவரில் இருக்குமே அதே மாதிரி அழுக்கு. பிரஷ்ஷால் எடுத்து, பேஸ்ட்டும் புதிதாகப் போட்டார். நேற்று மூன்று மணி நேரம் ஓடியது, விசிறிச் சத்தமே கேட்கவில்லை. ரீபில்டும் செய்துவிட்டேன்.

நிலை விஷயத்திலும் ஹட்டன் தம்பி சொன்னதுதான். கடைசியைத்தான் அமுக்கியிருக்கிறேன். புதிதாக இரண்டாவது நிலையில் தொடங்கி, அந்நியனை மூன்றாவது முயற்சியில் ஜெயித்தேன்.

பண்டாரவளை அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு நாள் மனதிலேயே வைத்திருந்துவிட்டு அவனிடம் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம், ‘அம்மாயியோட சாம்பலை ஆற்றில் கரைக்கும்போது என்னை ஏன் மாமா கூட்டிப் போகல?’ என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை இருந்தது, அதனால் பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். அவன் இத்தனை நாள் அதைத்தான் மனதில் வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பேசினோம். அக்காவுக்கும் போன் போட்டோம்.

கேமை நிறுத்தவேண்டாம் என்றான். இப்போதைக்குச் சண்டையெல்லாம் நான் போடுகிறேன், கொன்ட்ரோலர் என் கையில். ரத்தக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்தால் தேத்தண்ணி ஊற்ற அனுப்பிவிடுகிறேன். ஏரியில் படகு விடுவது அவன் வேலை, வசனம் ஓடும்போது தெரியாத ஆங்கிலச் சொல்லைக் கொப்பியில் எழுதுவதும் அவன்தான். ராட்செட் டிஸ்க் எங்கேயாவது கிடைத்தால் அதையும் தனியாக வாங்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். செத்தால் அதே இடத்தில் எழுப்புகிற கல் ஒன்று முதலில் கையில் இருந்தது, செலவாகிவிட்டது. திரும்ப எங்கே கிடைக்கும்?

மலைக்காற்று, ஹட்டன்

கடை வைத்திருக்கிற இரண்டு குள்ள சகோதரர்களிடம் வெள்ளிக்காசு கொடுத்து வாங்கலாம் அண்ணா. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்திருக்க முடியும், செலவானதும் அடுத்த கடையிலேயே வாங்கிவிடுங்கள். காசு போதாவிட்டால் மருமகனிடம் சொல்லி ஏரிக்கரை முழுக்கப் படகை நிறுத்தி நிறுத்திப் பெட்டி தேடச் சொல்லுங்கள், நிறையக் கிடைக்கும்.

நல்லதண்ணி வழி, மஸ்கெலியா

டிசம்பர் முழுநிலாப் போயாவுக்குச் சிவனொளிபாத மலை சீசன் தொடங்குகிறது. பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் வீடு நல்லதண்ணிக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. ராத்திரி தங்கிவிட்டு விடியற்காலையில் ஏறலாம்.