மறு: ‘எழுத்துக் காப்பு’ வேண்டாம், இரண்டு சொற்கள் வேண்டும்

குழு அன்பர்களுக்குக் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வணக்கம்.

பென் டிரைவ் எதையும் எழுத (அதாவது புதிதாகச் சேமிக்க) விடாமல் நிற்கும்போது திரையில் வரும் ‘write protected’ என்ற ஆங்கில அறிவிப்பைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்கு இதுவரை நான்கு சொற்கள் வந்துள்ளன: எழுத்துக் காப்பு, எழுதுகாப்பு, எழுதுதடை, எழுத்துத் தடை. நான்கையும் ஒரு வாரமாக வாயில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றும் மனதுக்கு ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பது சென்ற சனிக்கிழமைதான் விளங்கியது.

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். கோயில் மலருக்கான கட்டுரைகள் அத்தனையும் அதில்தான். “தம்பி, எல்லாம் திறக்கிறது, வாசிக்கவும் முடிகிறது. ஒரு கால்புள்ளியைத் திருத்திச் சேமிக்க விடுகிறதில்லை” என்றார். ஏற்கனவே ஒரு கடையில் அரை நாள் வைத்திருந்தார்களாம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் (அங்கே 1 என்றால் எழுத விடாது) 1 என்றிருந்ததை 0 ஆக்கியிருக்கிறார்கள், டிஸ்க்பார்ட் என்ற வட்டு மேலாண்மைக் கட்டளையால் ‘வாசிப்பு மட்டும்’ என்ற பண்பை நீக்கியிருக்கிறார்கள், கடைசியில் முழுவதையும் அழித்துப் புதிதாக வடிவமைக்கவும் பார்த்திருக்கிறார்கள். டிரைவ் அதற்கும் மறுத்தது அவருடைய நல்ல காலம். பாதுகாப்பை நீக்கு என்று திரை சொன்னால் நீக்குவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

நானும் டிஸ்க்பார்ட்டில் பண்புகளைக் கேட்டேன். இரண்டு வரிகள் வந்தன. நடப்பு நிலை வாசிப்பு மட்டுமா என்பதற்கு ‘ஆம்’. வாசிப்பு மட்டும் என்ற பண்பு இடப்பட்டுள்ளதா என்பதற்கு ‘இல்லை’. யாரும் பூட்டவில்லை, கதவு மட்டும் திறக்காது. லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் ஓடும் கணினியில் செருகினாலும் அதே கதை. எழுத முடியாது என்று சொல்வது கணினி அல்ல, டிரைவேதான்.

காரணம் உங்களில் பலர் அறிந்ததே. டிரைவுக்குள் தகவலைத் தேக்கிவைக்கும் பிளாஷ் சில்லின் கலங்களை எண்ணற்ற தடவை அழித்து எழுத முடியாது. மலிவான சில்லுகளில் சில ஆயிரம் தடவைகளோடு சரி. கெட்டுப்போகும் பகுதிகளுக்கு ஈடாக உள்ளே கொஞ்சம் இருப்பு வைத்திருப்பார்கள். அந்த இருப்பும் தீர்ந்தால், டிரைவின் உள்ளே வாசிப்பதையும் எழுதுவதையும் நடத்தும் கட்டுப்படுத்திகள் பல எழுதுவதை நிறுத்திவிட்டு, இருப்பதை வாசிக்க மட்டும் விடும். எடுத்துக்கொண்டு போய்விடு என்று டிரைவ் தருகிற கடைசித் தவணை அது. அந்தத் தவணையில் அரை நாளைத்தான் கடையில் வீணாக்கினார்கள். அன்றே எல்லாவற்றையும் ஆசிரியையின் கணினிக்குப் பிரதி செய்துகொடுத்தேன்.

அப்போது, “திரையில் வருவது எழுத்துக் காப்பு, ரீச்சர்” என்று நம் பட்டியலின் முதற்சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். உடனே, “காப்பை நீக்கினால் என் கட்டுரைகள் போய்விடாதா?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. மெய்காப்பாளன் மெய்யைக் காப்பவன். எழுத்துக் காப்பு எழுத்தைக் காப்பது. போதாக்குறைக்குக் காப்புப் பிரதி என்ற சொல் வேறு கணினித் தமிழில் ஊன்றிவிட்டது. ‘காப்பை நீக்கு’ என்று ஒரு பொத்தான் வைத்தால் ஆசிரியை மட்டுமல்ல, நானும் அழுத்த மாட்டேன்.

எழுதுதடைக்கு ஆதரவாகச் சென்னை நண்பர் எழுதுகோலை எடுத்துக்காட்டியிருந்தார். எழுதுகோல் எழுதும் கோல். எழுதுபலகை எழுதும் பலகை. அந்த முறையில் எழுதுதடை எழுதும் தடை ஆகிவிடும்! வினைத்தொகையில் எழுதாமையை ஏற்றிச் சொல்ல இடமில்லை. எழுதுகாப்புக்கும் இதே இடர்தான். எழுத்துத் தடை என்றாலோ, பத்திரிகைத் தணிக்கையோடு காலம் கழித்த நம் நாட்டு வாசகருக்கு வேறு நினைவு வரும்.

தடை இருக்கும் இடத்தில் பூட்டு என்று போட்டுப் பாருங்கள். வாய்ப்பூட்டு நம்மிடம் முன்பே இருக்கும் சொல். வாய் இருக்கிறது, பேச விடவில்லை என்பதை எவரும் விளக்காமலே புரிந்துகொள்கிறோம். அதே அச்சில் வார்த்தால் எழுத்துப்பூட்டு. பூட்டு என்றால் போட்டவர் ஒருவர் உண்டு, திறக்க வழியும் உண்டு. எஸ்டி கார்டின் விளிம்பில் உள்ள சிறு ஆளி (சுவிட்ச்), சில பென் டிரைவ்களின் பக்கவாட்டு ஆளி, பதிவேட்டில் இடும் 1, டிஸ்க்பார்ட் பண்பு எல்லாம் இதில் அடங்கும். பழைய மூன்றரை அங்குல நெகிழ்வட்டில் (பிளாப்பியில்) நகர்த்திய சின்னக் கதவும் எழுத்துப்பூட்டுத்தான். ஒலிநாடாவின் பின்விளிம்பில் பிளாஸ்டிக் துண்டை உடைத்து, மீண்டும் பதிவு செய்ய வேண்டியபோது அந்தக் குழியில் ஒட்டுநாடா ஒட்டியவர்களுக்குப் பூட்டும் திறப்பும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆசிரியையின் டிரைவுக்கு இந்தச் சொல் பொருந்தாது. அதற்கு நான் முன்வைப்பது எழுத்தோய்வு. கை ஓய்ந்தது, கால் ஓய்ந்தது என்கிறோமே, அந்த ஓய்வு. எழுதி எழுதி ஓய்ந்துவிட்டது. இனி எழுதாது, இருப்பதை வாசித்துக் காட்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே அறிவிப்பு என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டுமா? ஒன்றுக்கு மருந்து ஆளியை நகர்த்துவது. மற்றதற்கு மருந்தே இல்லை, உடனே பிரதி எடுப்பதுதான் வழி.

கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை பழுதடைந்ததால் லினக்ஸ் தானாக ‘வாசிப்பு மட்டும்’ என்று மாற்றிவைப்பது மூன்றாவது வகை. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. (படிக்க மட்டும் என்று தமிழக அன்பர்கள் எழுதுகிறார்கள். இங்கே படிப்பது என்றால் பள்ளிக்கூடப் படிப்பு. வாசிப்பையே வைத்துக்கொள்வோம்.)

ஆளியா, தேய்மானமா என்று கணினிக்கே தெரியாதே என்ற கேள்வி வரும். உண்மைதான், டிரைவ் காரணம் சொல்வதில்லை. ஆனால் தன் பதிவேட்டிலும் பண்பிலும் பூட்டு இல்லை என்பது கணினிக்குத் தெரியும். ஆகவே அறிவிப்புகளை இப்படி வைக்கலாம்.

பூட்டு கணினியில் இருந்தால்: “இந்தச் சேமிப்பகத்துக்கு எழுத்துப்பூட்டு இடப்பட்டுள்ளது. பூட்டைத் திறக்கவா?”

மறுப்பது டிரைவாக இருந்தால்: “இந்தச் சேமிப்பகம் எழுத மறுக்கிறது. பூட்டு ஆளி இருந்தால் நகர்த்திப் பாருங்கள். இல்லையெனில் எழுத்தோய்வாக இருக்கலாம். உள்ளிருப்பவற்றை இப்போதே பிரதி எடுங்கள்.”

இரண்டாவதை ஆசிரியையிடம் வாசித்துக் காட்டினேன். “இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கடைக்கே போயிருக்க மாட்டேன்” என்றார்.

எழுத்தோய்வைவிடத் தெளிவான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். எழுத்துப்பூட்டைச் சேர்த்தே எழுதலாம் என்பது என் எண்ணம். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.