சாரதியின் கோப்பில் என்ன இருந்தது?

ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பில் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் சேர்ந்து, பிற்பாடு நிருவாகம், வாகனங்கள், பாதுகாப்பு அனைத்தையும் சேர்த்துக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தேன். இத்துறைக்கு வர விரும்பும் இளையோர் பெரும்பாலும் சம்பளத்தையும் வெளிநாட்டு வாய்ப்பையும் பற்றியே கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2005 இல் ஆட்சேர்ப்பு மிக வேகமாக நடந்தது. திட்டம் சில மாதங்களுக்கு என்றால் நியமனக் கடிதமும் அத்தனை மாதங்களுக்கே. வெளிநாட்டிலிருந்து வந்த அலுவலர் ஒருவரின் கோப்பில் இரத்த வகை, ஒவ்வாமை விபரம், காயமோ நோயோ நேர்ந்தால் சிகிச்சைக்கு வேறிடம் கொண்டுசெல்வதற்கான காப்புறுதி, நள்ளிரவிலும் அழைக்கக்கூடிய தலைமையக இலக்கம் எல்லாம் இருந்தன. அவரை வாகரைக்கு ஏற்றிச் சென்று திரும்பும் சாரதியின் கோப்பிலோ அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் அடையாள அட்டைப் பிரதியும் மட்டுமே. அவசரத் தொடர்பு என்ற இடத்தில், வீட்டில் தொலைபேசி இல்லாததால், சந்திக் கடையின் இலக்கத்தை எழுதி, “அம்மாவைக் கூப்பிட்டு விடுவார்கள்” என்று பென்சிலால் குறித்திருந்தார். இருவரும் கடந்தது ஒரே வீதியை, ஒரே சோதனைச்சாவடியை.

2006 ஆகஸ்ட் 4 அன்று திருகோணமலை மாவட்டத்து மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான அக்சன் பாமின் 17 பணியாளர்கள் அவர்களது அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அனைவரும் இந்நாட்டவர். அதன்பின் உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் காப்புறுதி வேண்டுமென்று எங்கள் தலைமையகத்துடன் வாதாடினேன். ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் பங்கான 12 சதவீதத்தைத் தவறாமல் கட்டுகிறோமே என்பதே முதலில் கிடைத்த பதில். அது ஓய்வுகாலச் சேமிப்பு. குண்டடி பட்டவரைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் செலவு அதிலிருந்து வராது என்பதை விளக்கி, வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென ஒரு செலவினத்தைச் சேர்க்க நீண்ட காலம் பிடித்தது.

கென்யாவின் டடாப் அகதி முகாமில் 2012 ஜூனில் நோர்வே அகதிகள் பேரவையின் வாகனத் தொடர் தாக்கப்பட்டு, வெளிநாட்டுப் பணியாளர்கள் நால்வர் கடத்தப்பட்டனர். கென்யச் சாரதி ஒருவர் கொல்லப்பட்டார். மீட்கப்பட்டவர்களில் ஒருவரான ஸ்டீவ் டெனிஸ் தொடுத்த வழக்கில், நிறுவனம் பாரதூரமான கவனயீனத்துடன் நடந்துகொண்டது என்று ஒஸ்லோ நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது. அதன்பின் நான் கலந்துகொண்ட பயிற்சிகளில் அந்த வழக்கு விரிவாகப் பேசப்பட்டது. ஆனால் அந்தச் சாரதியின் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று எவரும் கேட்டதை நான் கேட்டதில்லை. அதுவே மனிதவளப் பொறுப்பாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று உறுதியாக நம்புகிறேன்.

பின்னர் நான் பொறுப்பேற்ற அலுவலகத்தில், வாகனத்தில் ஏறும் அனைவருக்கும் ஒரே படிவம், ஒரே காப்புறுதி என்று ஆக்கினோம். பாதை சரியில்லை என்று தோன்றினால், சம்பளமோ ஒப்பந்தமோ பாதிக்கப்படாமல் பயணத்தை மறுக்கும் உரிமை சாரதிக்கு உண்டு என்பதும் எழுத்தில் வந்தது. வாடகை வாகனச் சாரதிகளை மட்டும் அதற்குள் கொண்டுவர முடியவில்லை. எங்கள் ஒப்பந்தம் வாகன உரிமையாளருடன் இருந்ததேயன்றி, அவர்களுடன் இருக்கவில்லை.