இறுதி வருடப் பிரியாவிடைக்கு ஹோட்டல் வேண்டுமா?

வன்னிப் பெடியன்:
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாலாம் வருடம். பிரியாவிடையை ஹோட்டலில் வைப்போம், தலைக்கு 6,000 ரூபாய், பட்ச் ரீசேட்டுக்குத் தனிக்காசு என்று எங்களுக்குள் கதை போகிறது. ஆய்வுக்கட்டுரையை அச்சடித்துக் கட்டவே நான் காசு தேடிக்கொண்டிருக்கிறேன். கைலாசபதி கலையரங்கு வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பரமேஸ்வரன் கோயிலில் பொங்கி, அங்கேயே இருந்து சாப்பிடலாம். என்ன குறை?

கொக்குவில் தங்கச்சி:
குறை இருக்கிறது அண்ணா. வளாகத்துக்குள் வைத்தால் அதுவும் இன்னொரு கூட்டமாகத்தான் முடியும். என் அறைத்தோழி மட்டக்களப்பு, பக்கத்துக் கட்டில்காரி கண்டி. பட்டமளிப்புக்கு எல்லோரும் சந்திப்போம் என்று நம்ப வேண்டாம். அது பல அமர்வுகளாக நடக்கும், ஒருத்தி காலையில் வாங்குவாள், இன்னொருத்தி மறுநாள். முழுப் பட்சும் ஓரிடத்தில் இருக்கப்போகிற கடைசி நாள் இதுதான். அதற்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போக ஆசைப்படுவது ஆடம்பரமா?

பழைய பொருளாளர்:
ஆசைப்படுவதில் பிழையில்லை தங்கச்சி. எங்கள் பட்சுக்குக் காசு சேர்த்தவன் நான். கொடுத்தவர்களின் பெயருக்கு நேரே கொப்பியில் சரி போடுவேன். ஒரு பெயருக்கு நேரே மட்டும் கடைசிவரை வெறுமை. கேட்கும்போதெல்லாம் "மகாபொல உதவிப்பணம் விழட்டும் மச்சான்" என்பான். விழுந்தது, போர்டிங் வாடகைக்குப் போய்விட்டது. பிரியாவிடையன்று விடியற்காலை பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போய்விட்டான். பட்ச் படத்தில் அவன் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகள் படிக்கட்டும் என்று 1981 இல் ஆரம்பித்த உதவி அந்த மகாபொல. அதிலிருந்து விருந்துக்குப் பங்கு கேட்டிருக்கிறேனே என்று இன்றைக்கும் மனம் குறுகுகிறது.

நல்லூரான்:
சரி, இல்லாதவர்களுக்கு இருக்கிறவர்கள் போடலாம்தானே? கனடாவிலும் லண்டனிலும் மாமா, சித்தி உள்ளவர்கள் பட்சில் எத்தனை பேர்! அதற்காக எல்லோருடைய சந்தோசத்தையும் ஏன் குறைக்க வேண்டும்?

வன்னிப் பெடியன்:
யாருக்கு யார் போட்டார் என்பது அடுத்த நாளே கன்ரீனில் தெரிந்துவிடும் அண்ணா. நாலு வருடம் ஒன்றாக இருந்து படித்தவர்கள் முன்னால் அப்படி நிற்க எனக்கு ஏலாது. அம்மா தையல் மெசினை மிதித்து அனுப்பிய காசில் படித்தவன் நான். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போதும், எல்லோரும் ஒரே அளவு காசு போட்டுச் சாப்பிட வேண்டும்.

கொக்குவில் தங்கச்சி:
அதை நான் யோசிக்கவில்லை, மன்னிக்கவும். ஆனாலும் ஹோட்டலை விட எனக்கு மனமில்லை. வீட்டில் என்னை இரவு ஒன்பது மணிவரை வெளியே விடப்போவது இந்த ஒருநாள்தான். பட்ச் படத்தையாவது விருந்திலிருந்து பிரிப்போம். காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பார்க்காமல் பகலில் வளாகத்திலேயே எடுப்போம். ரீசேட்டும் கட்டாயமில்லை. நாளைக்குக் கூட்டத்தில் நானே எழுந்து சொல்கிறேன்.

பழைய பொருளாளர்:
சொல்லுங்கள் தங்கச்சி. படத்தைப் பதினொரு மணிக்குப் பிறகு வையுங்கள். தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவனும் வந்து சேர வேண்டும்.