பெக்கிங்கும் லொக்டைட்டும்: வண்டி அச்சு வேலைக் கையேட்டுக்கு இரண்டு சொற்கள் தேவை

கோண்டாவிலில் இருந்து, தொழிற்பயிற்றுநர்:

குழுமத்தாருக்கு வணக்கம். மோட்டார் வாகனத் திருத்துநர்களுக்கான வகுப்பொன்றில் நான் கற்பிக்கிறேன். வருகிற திங்கட்கிழமை என் மாணவர்கள் பழைய லாண்ட் குரூசர் ஒன்றின் முன் அச்சை முற்றாகக் கழற்றி, கழுவி, மீண்டும் பூட்டப் போகிறார்கள். அதற்குரிய தமிழ்க் கையேடு ஞாயிறு மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சொற்கள் மட்டும் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

முதலாவது, பெக்கிங். நம் கராஜ்களில் இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே வைக்கும் வெட்டுக் கடதாசியும் பெக்கிங்தான். குழாயிலிருந்து பிதுக்கிப் பூசும் சிலிக்கனும் பெக்கிங்தான். சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் றப்பர் வளையத்தைக்கூடச் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். சென்ற தவணையில், "பழைய பெக்கிங் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்" என்று கரும்பலகையில் நானே எழுதினேன். சில்லைத் திருப்பும் முட்டியின் மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் அடியில் மெல்லிய உருக்குத் தகடுகள் இருக்கும். ஒரு மாணவன் அவற்றையும் பெக்கிங் என்று எண்ணிக் கழிவு வாளியில் போட்டுவிட்டான். அவை கசிவைத் தடுக்க வைத்தவை அல்ல. முட்டியின் பெயரிங் எவ்வளவு இறுக்கத்தில் நிற்க வேண்டும், முட்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பவை. மேலே எத்தனை, கீழே எத்தனை, ஒவ்வொன்றின் தடிப்பு என்ன என்ற குறிப்பு எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. வில்தராசைக் கொழுவி முட்டியை இழுத்து இழுத்துப் பார்த்து மறுபடியும் தகடு சேர்ப்பதில் இரண்டு நாட்கள் போயின. அந்தப் பிள்ளையில் பிழையில்லை. நான் கொடுத்த சொல்லில்தான் பிழை.

இரண்டாவது, போல்ட்டும் நட்டும் தாமாகக் கழன்று போகாமல் செய்யும் ஏற்பாடுகளுக்கான பொதுச்சொல். சில்லுக் குடத்தில் 54 மில்லிமீற்றர் நட்டுகள் இரண்டும் அவற்றின் நடுவே நாக்கு மடிக்கும் வொசர் ஒன்றும் உண்டு, வேறிடத்தில் பிளவாணி, வேறிடத்தில் மரையில் இடும் லொக்டைட் என்ற இறுகும் திரவம். "பூட்டு வொசர்", "மரைப்பூட்டு" என்று எழுதலாமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வல்வெட்டித்துறையில் இருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள தம்பிக்கு. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு எங்கள் கடற்கரைதான் நினைவுக்கு வந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள நீக்கலில் பஞ்சை அடித்து இறுக்கி, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுவதைக் கலப்பற்று என்று சொல்லுவார்கள். 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி எங்கள் ஊரில் கட்டப்பட்ட கப்பல். கலப்பற்று இல்லாமல் அது பாக்குநீரிணையைக்கூடத் தாண்டியிருக்காது. கலம், பற்று என்று சொல் எவ்வளவு தெளிவாகப் பிரிகிறது என்று பாருங்கள். நீர் உள்ளே வராமல் காப்பதும் எண்ணெய் வெளியே போகாமல் காப்பதும் ஒரே தொழில்தானே? ஆகவே வெட்டுக் கடதாசிக்குப் பற்றிதழ், பூசுவதற்குப் பற்றுக்களி, மரையில் இடுவதற்கு மரைப்பற்று என்று ஒரே வேரில் மூன்று சொற்களையும் ஆக்கிக் கொள்ளலாம்.

அச்சு என்ற சொல்லுக்கு வயது குறைவல்ல. உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போன சேம அச்சை ஔவையார் புறநானூற்றின் 102 ஆம் பாட்டில் உவமையாக்கியிருக்கிறார். மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி போகும்போது அச்சு முறியும் என்று அறிந்தே மாற்று அச்சைக் கொண்டு போயிருக்கிறார்கள். இத்தனை பழைய தொழிலின் உறுப்புகளுக்குக் கடன்சொல் வேண்டுமா என்பதே என் ஆதங்கம்.

திருநெல்வேலியில் இருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவுக்கு வணக்கம். கலப்பற்று எனக்கும் பிடித்த சொல். ஆனால் கப்பலுக்கு இந்த வேலையைச் செய்பவனைப் போர்த்துக்கேயர் கலஃபாத்தே என்பார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். அலவாங்கும் யன்னலும் வந்த வழியில் இதுவும் வந்து, பின்னர் நம்மவர் காதுக்குக் கலமும் பற்றுமாகக் கேட்டிருக்கலாம். நூற்றாண்டுகளாக நம் கரையில் வழங்கிய சொல் நம்முடையதே என்பதால், இதை ஒரு குறையாக நான் சொல்லவில்லை.

என் தடை பொருள் பற்றியது. பற்று என்றால் ஒட்டிக்கொள்வது. நல்ல வெட்டுக் கடதாசியோ அடுத்த முறை கழற்றும்போது முகத்தில் ஒட்டாமல் வரவேண்டியது. ஒட்டியதைச் சுரண்டப் போய் முகத்தில் கீறல் விழுந்தால் புதியதும் கசியும். போதாததற்கு, கணக்கியல் படித்த மாணவனுக்குப் பற்று என்றால் வரவுக்கு மறுதலை.

அடை என்ற வினையிலிருந்து சொற்களை ஆக்கலாம். இரண்டு முகங்களின் இடையில் வைப்பது இடையடை. பசையாகப் பூசுவது பசையடை. சுழலும் தண்டைச் சுற்றி இருப்பது சுழலடை. மாணவன் எறிந்த அந்த உருக்குத் தகடுகளை இந்தக் குடும்பத்துக்கு வெளியே வைத்து, அளவுத்தகடு என்று பெயரிடுங்கள். அடை என்று முடிந்தால் மாற்றலாம், அளவு என்று தொடங்கினால் அளந்து குறிக்காமல் தொடக்கூடாது என்று பெயரே சொல்லிவிடும். இந்தப் பிரிவு நிற்குமானால், இடையடைக்குப் பதிலாக வேறு எந்தச் சொல்லை வைத்தாலும் நான் வாதாட மாட்டேன்.

மல்லாகத்தில் இருந்து, கராஜ் நடத்துபவர்:

எல்லோருக்கும் வணக்கம். முப்பது வருடங்களுக்கு மேலாக ஜீப்புகளின் அச்சைக் கழற்றிப் பூட்டுகிறேன். உதிரிப்பாகக் கடையில் போய் இடையடை கேட்கும் பிள்ளை வெறுங்கையோடுதான் திரும்புவான். பெக்கிங் என்ற சொல்லை எடுத்துவிட்டால் கையேடு வகுப்பறைக்குள்ளேயே கிடந்துவிடும். ஆனாலும் அளவுத்தகடு என்ற சொல்லை நான் நாளைக்கே என் பையன்களுக்குச் சொல்லுவேன். அதே தகட்டை எறிந்தவர்களை நானும் கண்டிருக்கிறேன்.

மரைப்பூட்டு வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. நாங்கள் "போல்ட்டைப் பூட்டு" என்றால் அதைத் துளையில் வைத்துத் திருகு என்பதுதான் பொருள். சில்லைப் பூட்டு, கதவைப் பூட்டு, கழற்றிப் பூட்டு எல்லாம் எங்களுக்கு ஒரே வினை. பூட்டுவது வேறு, இறுக்குவது வேறு, இறுக்கியது கழலாமற் பார்ப்பது வேறு. "பூட்டியாயிற்றா?" என்று கேட்டால், ஓம் என்று சொல்லுகிற பையன் முதலாவதை மட்டுமே செய்திருப்பான். முட்டியைத் திருப்பும் கையின் ஸ்டட்டுகள் தளர்ந்தபடி ஓடினால் பிறகு முறியும். முறிந்தால் சில்லு சாரதியின் சொற்கேளாது.

பசையடை என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. லொக்டைட் அதற்கு நேர்மாறாக, காற்றுப் புகாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகுவது. அதன் போத்தலை முழுவதும் நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டே விற்பது அதனால்தான். இரண்டையும் பசை என்றால், ஒன்றுக்குச் செய்ததை மற்றதற்கும் செய்வார்கள். சிலிக்கனை அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கியது முறிந்து எண்ணெயோடு சுற்றும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். அச்சின் உள்ளே காற்று போய்வரும் மூச்சுக்குழலை மறந்துவிடாதீர்கள். அது சேற்றில் அடைபட்டால் அச்சு சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான அச்சோடு மாரிவெள்ளத்தில் இறங்கினால் உள்ளே தண்ணீரை இழுக்கும். அந்த நேரத்தில் எந்த அடையும் நிற்காது.

திருநெல்வேலியில் இருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அண்ணை சொன்ன மூன்று வினைகளும் இந்த விவாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பயன். பூட்டுதல், இறுக்குதல் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. மூன்றாவதற்குத்தான் பெயர் இல்லை. நம் பேச்சில் நட்டு கழலும் என்கிறோம், அதனால் கழலாக்காப்பு என்று முன்மொழிகிறேன். அதிர்வு குறுக்காக வரும்போது நட்டு தானே சுழன்று கழல்வதை 1969 இல் ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்ஹாட் யுங்கர் காட்டினார். வில் வொசர் அதற்குப் போதாது என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. ஆகவே வொசர் என்ற பொருளின் பெயரால் இந்தச் செயலை அழைப்பது தவறு. மரையில் இடுவது மரைக்காப்பு, வொசரால் செய்வது நாக்குக்காப்பு என்று வகைப்படுத்தலாம்.

இன்னொன்று: இடையடை மென்மையாக இருந்தால் காலப்போக்கில் நசிந்து மெலியும், போல்ட்டின் இழுவையும் அதனோடு குறையும். எந்தப் பகுதியிலும் நட்டு தளர்ந்ததற்குக் காரணம் மரையில் இருக்கிறதா, இடையடையில் இருக்கிறதா என்று மாணவர் கேட்டுப் பழக வேண்டும்.

வல்வெட்டித்துறையில் இருந்து:

மகளுக்கு. கழல் என்றால் வீரன் காலில் அணிவது. காப்பு என்றால் கையில் அணிவது. இரண்டு அணிகளைச் சேர்த்து வைத்து நட்டுக்குப் பெயரிடுவதை என் காது ஏற்கவில்லை. சில்லு கழலாமல் காக்கும் உறுப்புக்கு அச்சாணி என்ற பெயர் 667 ஆம் குறளிலேயே இருக்கிறது. ஆணியில் முடியும் ஒரு சொல்லையே தேட வேண்டும். மரைப்பற்றையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணெய் அறைக்குள் துளைத்துச் செல்லும் மரைத்துளைகளில் அந்தத் திரவம் கழலாமலும் காக்கிறது, எண்ணெய் மரைவழி ஊராமலும் அடைக்கிறது. இரண்டு தொழிலும் பற்று என்ற ஒரு சொல்லில் அடங்கும். காப்பில் அடங்காது.

கோண்டாவிலில் இருந்து:

அனைவருக்கும் நன்றி. கையேட்டை இன்றிரவு அனுப்புகிறேன். இடையடை, சுழலடை, அளவுத்தகடு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். முதற்பக்கத்தில் மட்டும், கடையில் பெக்கிங் என்று கேட்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். சிலிக்கனைச் சிலிக்கன் என்றும், மரையில் இடுவதை லொக்டைட் என்றும் விட்டுவிட்டேன். மல்லாகத்து அண்ணை சொன்ன காற்று வேறுபாட்டைத் தனிப் பந்தியாக எழுதியிருக்கிறேன். கழலாக்காப்புக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் இசைந்தார்கள், இசைந்ததில் உற்சாகம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஐயா சுட்டிய இரட்டைத் தொழிலுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அந்தத் துளைகள் வரும் பக்கத்தில், "இங்கே கழலாமலும் கசியாமலும்" என்று சொல்லாகாத ஒரு வாக்கியத்தைப் போட்டிருக்கிறேன்.

வல்வெட்டித்துறையில் இருந்து:

தம்பி, இரண்டாம் பதிப்பு வரும்போது அந்த வாக்கியத்தின் இடத்தில் மரைப்பற்று என்று எழுதிப் பாருங்கள்.